பாரதியாரும் கோகலே சாமியாரும்

சில ஆண்டுகட்கு முன் நம் புணே நகரில் நடைபெற்ற பாரதி விழா ஒன்றில், நம்மவர் வீட்டுச் சிறுவன் ஒருவன் மகாகவியின் தேசிய கீதங்களுள் அதிகம் பாடப்பெறாத ஒன்றைத் தேர்ந்துகொண்டு கணீரென்ற குரலில் பாடினான். 'கோக்கலே சாமியார் பாடல்' என்று தலைப்பை அறிவித்துவிட்டே பாடினான். முன்வரிசையில் விருந்தினராக வீற்றிருந்த மராத்திய முதியவர் ஒருவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அத்தலைப்பைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டினிடையே 'மார்லி', 'கர்சான்' என்னும் பெயர்களும் அவர் செவியில் விழுந்தன. பாட்டு முடிந்ததும் நம் பக்கம் சாய்ந்து, "உங்கள் கவி எங்கள் கோபால்ராவைப் பற்றி என்ன பாடியிருக்கிறார்?" என்று கேட்டார்.

அருகில் அமர்ந்திருந்த நாம் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "மிக்க மதிப்புடன் பாடியிருக்கிறார்" என்று சொல்லி வைத்தோம். அவர் மனம் நிறைந்து கைதட்டினார்.

அது பொய். அந்தப் பாடல் கோபாலகிருஷ்ண கோகலேயை எள்ளி நகையாடும் பாடல். அன்று சொன்ன பொய்யின் உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம். கோகலே வாழ்ந்து மறைந்த ஊரில் பிழைக்க வந்தவர்கள் நாம். பாரதியார் நம் கவி. இருவரையும் ஒருங்கே மதிக்கும் நமக்கு, ஒருவர் மற்றவரை இகழ்ந்த இடத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை. மழுப்புவது எளிது, அதைச் செய்துவிட்டோம். இனிப் பாட்டை எடுத்துவைத்துக்கொண்டு ஆராய்வதே முறை.

அரசாங்க ஊழியர்க்கு அரசியல் ஆகாது என்று 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் கூறுகின்றன என்பதை நாம் அறியாதவரல்லர். ஆயினும் 1908ஆம் ஆண்டின் அரசியலைப் பேசினால் எந்த மேலதிகாரியும் விளக்கம் கேட்கமாட்டார் என்னும் துணிவுடன் மேலே செல்கிறோம்.

இராமலிங்க சுவாமிகளின் பாடல் ஒன்றைத் திரித்துப் பாடியது இது என்று பாட்டின் தலைப்பிலேயே குறிக்கப்பட்டுள்ளது. மூலப் பாடலில் அடியவர் உள்ளம் ஒரு மரம். இறைவனின் பொதுநடனத்தைக் கண்ட வேளையில் அது பூத்துக் காய்க்கிறது. அந்தக் காய் பழுக்குமா, வெம்புமா, பழுத்து விழுந்தாலும் கைக்குக் கிட்டுமா, குரங்கு கொண்டுபோய்விடுமா, கிட்டினாலும் தொண்டையில் விக்கிக்கொள்ளுமா என்று அடுக்கடுக்காக அஞ்சுகிறார் வள்ளலார். அருள் தமக்குக் கிட்டுமோ கிட்டாதோ என்று ஏங்கும் உயிரின் தவிப்பு அது.

பாரதியார் செய்தது மிகச் சிறிய மாற்றம். தில்லைப் பொதுவில் ஆடியவர் இருந்த இடத்தில் மார்லியை நிறுத்தினார். ஜான் மார்லி 1905 இறுதியில் இந்தியா மந்திரியாகப் பதவியேற்றவர், நூலறிவு மிக்கவர், தாராளக் கொள்கையினர். அவர் சீர்திருத்தம் தருவார் என்று நிதானக் கட்சியார் நம்பினர். கோகலே 1906இலும் 1908இலும் இங்கிலாந்து சென்று அவரைக் கண்டு பேசினார். அந்த நம்பிக்கைதான் பாரதியார் கண்ட காய். மூலத்தில் மலமாயை எனப்பட்ட குரங்குக்குக் கர்சன் என்று பெயர் சூட்டினார். இங்கே ஆட்சி நடத்துவோரை அணிலாக்கினார். மற்றபடி மரம், காய், வெம்பல், விக்கல் எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன. சொல்லை இவ்வளவு குறைவாக மாற்றிப் பொருளை இவ்வளவு தலைகீழாகப் புரட்டிய பாடல் தமிழில் வேறு உண்டோ என்பது ஐயம்.

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் இருவகைப்படுத்தினார். வெளிப்படையாகத் திட்டுவது முன்னது. புகழ்வது போலப் பழிப்பது பின்னது. தொண்டைமானின் ஆயுதச் சாலைக்குத் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கலங்கள் நெய்பூசி மாலை சூட்டி அழகாக இருப்பதைப் பாராட்டியதைப் புறநானூறு படித்தோர் மறவார். போர்க்களம் காணாத வேல்தான் பளபளக்கும் என்பது அதன் உட்கருத்து. கோகலே சாமியாரும் அந்த மரபில் வந்தவரே. வெளியே பக்தி, உள்ளே குத்தல். 'மேத்தா திலகருக்குச் சொல்வது' என்னும் பாடலிலும் இதே உத்தியைக் காண்கிறோம். அங்கே பெரோஸ்ஷா மேத்தா, நந்தனார் சரித்திரத்தில் நந்தனாரைத் தடுக்கும் பாட்டின் மெட்டிலேயே திலகரைத் தடுக்கிறார். சிதம்பரம் போகாதே என்று சொன்னவர்கள் தோற்றார்கள் என்பது தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். ஆகவே மேத்தா வாயைத் திறக்குமுன்பே மெட்டு அவரைத் தோற்கடித்துவிடுகிறது! கட்சிப் பூசலுக்குப் பக்திப் பாடலை எடுத்தாண்ட துணிவு வேறு எவருக்கும் வந்திராது.

இனி நம் வழக்குக்கு வருவோம். பாடல் சொல்வது சரியா?

பழத்தைப் பற்றிச் சொன்னது பெரும்பாலும் சரி. 1909இல் வந்த மிண்டோ-மார்லி சீர்திருத்தம் சட்டசபைகளில் உறுப்பினர் தொகையைப் பெருக்கிற்று, அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. பேசலாம், வினவலாம், தீர்மானம் கொண்டுவரலாம். முடிவு செய்வது பழைய கைகளே. போதாக்குறைக்குத் தனித்தொகுதி முறை என்னும் புழுவும் அந்தப் பழத்திற்குள் இருந்தது. அணில் கடித்துவிடுமோ என்று கவி கேட்டார். கடித்த பழமே கைக்கு வந்தது. இவ்வளவில் பாரதியாரின் தீர்க்கதரிசனத்தை மறுப்பார் இலர்.

ஆனால் பழத்தை எதிர்நோக்கி நிற்கும் ஆளைப் பற்றிச் சொன்னது? மரத்தடியில் வாய் திறந்து கிடக்கும் ஒருவரைப் பாட்டு நமக்குக் காட்டுகிறது. ஏட்டில் நாம் காணும் கோகலே அவ்வாறு கிடந்தவரல்லர். 1902இல் வைசிராயின் சட்டசபையில் அவர் நிகழ்த்திய முதல் வரவு செலவுப் பேச்சை எடுத்துக்கொள்வோம். கருவூலத்தில் மிச்சம் இருப்பதைப் பெருமையாகக் காட்டிய அரசாங்கத்திடம், மக்கள் வறுமையில் வாடும்போது மிச்சம் எங்கிருந்து வந்தது, மிகுதியாக வரி வாங்கியதனால் அன்றோ என்று புள்ளிக்கணக்கோடு கேட்டவர் அவர். உப்புவரியைக் குறைக்கவேண்டும் என்று ஆண்டுதோறும் வாதாடினார். மணங்குக்கு இரண்டரை ரூபாயாக இருந்த அந்த வரி 1903இல் இரண்டு ரூபாயாகவும், 1905இல் ஒன்றரையாகவும், 1907இல் ஒரு ரூபாயாகவும் குறைந்தது. அவர் ஒருவரால் மட்டுமே குறைந்தது என்று நாம் சாதிக்கவில்லை. கணக்கு எழுதிப் பிழைக்கும் நமக்கு ஒன்று தெரியும்: மேலிடத்தின் கணக்கில் பிழை கண்டு, அதை மேலிடத்தின் எதிரிலேயே எழுந்து நின்று சொல்வதற்கு வேண்டிய நெஞ்சுரம் சாதாரணமானதன்று.

இதைவிடப் பெரியதொரு முரண் தலைப்பிலேயே உள்ளது. 'சாமியார்' என்றார் பாரதியார். மார்லியை வழிபடும் ஆண்டி என்று எள்ளிச் சூட்டிய பட்டம் அது. உண்மையில் கோகலே அரசியலுக்குள் ஒரு துறவுமடத்தைத்தான் கட்டியிருந்தார். 1905 ஜூன் 12ஆம் நாள் காலை, பெர்குசன் கல்லூரிக்குப் பின்னுள்ள குன்றின்மேல் தாம் முதலில் உறுதிமொழி ஏற்று, பிறகு மூவருக்கு அதனைச் செய்துவைத்து, இந்திய ஊழியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். தேவதர், பட்வர்தன், நடேச அப்பாஜி திராவிட் என்பார் அம்மூவர். (கடைசிப் பெயரைப் படிக்கும்போது நமக்கு உண்டாகும் மகிழ்ச்சியை வாசகர்களும் அடைவார்கள் என்று நம்புகிறோம்.) நாட்டையே முதலாக நினைப்பது, சொந்த லாபம் தேடாமை, சங்கம் கொடுக்கும் படியைக்கொண்டு குடும்பம் நடத்துவது, பொருளீட்டுவதில் முயலாமை, தூய வாழ்வு, எவரோடும் தனிப்பகை கொள்ளாமை, சாதி சமய வேறுபாடின்றி இந்தியர் எல்லாரையும் உடன்பிறந்தாராக எண்ணுவது. இவ்விரதங்களை ஏற்போர் சாமியார் அல்லர் என்றால் வேறு யார் சாமியார்?

அதே 1905இன் இறுதியில் காசியில் கூடிய காங்கிரசுக்குக் கோகலே தலைமை வகித்தார். பாரதியார் அங்குச் சென்று வந்தவர். ஆகவே ஆளை அறியாமல் பாடினார் என்று சொல்ல வழியில்லை. அறிந்தே பாடினார். கட்சி அப்படிப் பாட வைத்தது.

இங்கே 1897ஆம் ஆண்டைத் தொடாமல் செல்வது நேர்மையாகாது. பாட்டில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை; ஆயினும் கோகலேயைக் கோழை என்று சொன்னவர்கள் எல்லாரும் மனத்தில் வைத்திருந்தது அதுதான். அவ்வாண்டு இந்நகரில் பிளேக் நோய் பரவிற்று. வீடுவீடாகப் புகுந்து சோதித்த சிப்பாய்கள் பெண்களிடம் தகாதவாறு நடந்துகொண்டதாகப் புணேயிலிருந்த நண்பர்கள் கடிதம் எழுதினர். வெல்பி கமிஷன் முன் சாட்சியம் கூற இங்கிலாந்து சென்றிருந்த கோகலே அதை அங்கே பத்திரிகை வாயிலாக வெளியிட்டார். பெருங்கொந்தளிப்பு எழுந்தது. அதற்குள் பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டு மாண்டார். கோகலே கப்பலில் திரும்பி வந்து, எழுதியவர்களிடம் சான்று கேட்டார். ஒருவரும் முன்வரவில்லை. எழுதியவர்களின் பெயரை வெளியிட்டால் அவர்கட்குத் துன்பம் நேரும். கோகலே பெயர்களைத் தம்முள்ளேயே வைத்துக்கொண்டு, அரசாங்கத்திடம் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டில் திலகர் இராஜத்துரோகக் குற்றத்திற்காகப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஒருவர் சிறை சென்றார், மற்றவர் மன்னிப்புக் கேட்டார் என்று ஊர் ஒப்பிட்டுப் பார்த்ததில் வியப்பில்லை.

நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். அந்த மன்னிப்பு வேண்டிய அளவுக்கு மேல் நீண்டுவிட்டது. 'என்னால் நிரூபிக்க இயலவில்லை' என்னும் அளவில் நின்றிருக்கலாம். முழுதும் வணங்கியது, சொல்லாமற் போன உண்மைகளையும் சேர்த்து மூடிவிட்டது. எனினும், நண்பர்களைக் காட்டிக்கொடுத்துத் தம்மைக் காத்துக்கொள்ளும் வழி அவர்க்குத் திறந்தே இருந்தது. அதனுள் அவர் நுழையவில்லை. ஆதாரமின்றிப் பேசியதை மேடையிலேயே மறந்துவிடும் பொது மனிதர்கள் மலிந்த பிற்காலத்தில் இருந்துகொண்டு பார்க்கையில், சான்று கிட்டாத சொல்லை ஒருவர் திரும்பப் பெற்றதைக் கோழைத்தனம் என்று மட்டும் சொல்ல நமக்கு நா எழவில்லை.

இந்த 'மடத்தில்' சேர்ந்த தமிழரைப் பற்றி நம் இளைஞர்கள் அறியாதிருப்பது வருத்தத்திற்குரியது. வலங்கைமானில் 1869இல் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். திருவல்லிக்கேணிக் கூட்டுறவுப் பண்டகசாலையைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 1907இல் அவர் கோகலேயின் சங்கத்தில் சேர்ந்தார். 1915இல் கோகலே மறைந்தபின், மராத்தியர்கள் நிறைந்த அச்சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இந்தத் தஞ்சைத் தமிழரே. புணேக்கு வேலை தேடி வந்த தமிழர் பட்டியலை எழுதப் புகுவோர் முதலிடத்தை அவருக்கே அளிக்கவேண்டும், சம்பளம் மிகக் குறைந்த வேலையாயினும்! 1919இல் ரௌலட் மசோதாவை எதிர்த்து அவர் ஆற்றிய உரை சட்டசபைப் பேச்சுகளின் வரலாற்றில் தனியிடம் பெற்றது. ஒத்துழையாமை இயக்கத்தை அவர் ஏற்காமையால் காங்கிரசை விட்டு விலகினார்; அரசாங்கத்தின் ஆள் என்று ஏசப்பட்டார். ஏசியவர் பலர், காந்தியடிகள் அவருள் இல்லை. 1946இல் சாஸ்திரியார் சென்னையில் நோயுற்றுக் கிடந்தபோது காந்தியடிகள் மருத்துவமனைக்கே சென்று கண்டார். தமிழர்களாகிய நமக்குச் சாஸ்திரியார்மேல் ஒரு குறையும் உண்டு. 1940இல் அவர் தலைமையில் அமைந்த கலைச்சொற்குழு வடசொற்களுக்கே இடம் கொடுத்ததை எதிர்த்துத் தமிழறிஞர்கள் போராட நேர்ந்தது. பெருமையைச் சொன்ன இடத்திலேயே குறையையும் சொல்லிவைப்பது நல்லது என்பதனால் இதைக் குறிக்கிறோம்.

கட்சி வேறு, ஆள் வேறு என்று பிரித்தறியும் பண்பு அந்தத் தலைமுறைக்கு முற்றும் இல்லாதிருந்தது என்று எண்ணிவிடலாகாது. பாரதியாரின் கதையிலேயே அதற்குச் சான்று உண்டு. சென்னையில் நிதானக் கட்சியின் தூணாக விளங்கியவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவர் தம் கட்சியைப் பழித்துக்கொண்டிருந்த இளைஞரின் தேசிய கீதங்களைக் கேட்டு உருகி, 1907இல் அவற்றைச் சிறு வெளியீடாக அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். அவ்வாண்டின் இறுதியில் சூரத்தில் காங்கிரஸ் பிளவுபட்டது, பாரதியாரும் வ. உ. சிதம்பரனாரும் திலகர் பக்கம் நின்றனர். நாற்காலிகள் பறந்த அந்தக் கூட்டத்தின் கதை எல்லாரும் அறிந்தது. அச்சிட்டுத் தந்த கதையை அறிந்தோர் சிலரே.

திலகரும் கோகலேயும் இந்த ஊரிலேயே, தக்காணக் கல்விச் சங்கம் என்னும் ஒரே நிறுவனத்தில் உழைத்தவர்கள். 1890இல் திலகர் அதைவிட்டு விலகியதிலிருந்து வளர்ந்த பகை அது. நலங்கிள்ளி நெடுங்கிள்ளியை முற்றுகையிட்டபோது கோவூர் கிழார் இடையே நின்று, இருவர் சூடியதும் ஆத்திமாலைதான், எவர் தோற்றாலும் தோற்பது சோழர்குடியே என்று சொன்னாரல்லவா? புணேயில் அப்படிச் சொல்ல ஒரு கோவூர் கிழார் அன்று இல்லை போலும். ஆனால் 1915 பிப்ரவரியில் கோகலே நாற்பத்தெட்டாம் வயதில் மறைந்தபோது, சுடலையில் எழுந்து நின்று, இவரைப் பின்பற்றுங்கள் என்று கூடியிருந்தோர்க்கு எடுத்துரைத்தவர் திலகர். கால் நூற்றாண்டு எதிர்த்துப் போராடியவர் வாயிலிருந்து வந்தமையால் அந்தப் புகழுரைக்குத் தனி எடை உண்டு.

நம் இலக்கியத்திற்கு வருவோம். தலைவர்கள்மீது தமிழில் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறோம்; அந்தாதி பாடியிருக்கிறோம்; மாற்றுக்கட்சித் தலைவர்கள்மீது மேடைதோறும் வசையும் பாடியிருக்கிறோம். இடைப்பட்ட ஒன்றை, அதாவது எதிரியின் தகுதியை அறிந்துகொண்டே அவன் கொள்கையை எள்ளும் கலையை, மிகக் குறைவாகவே வளர்த்திருக்கிறோம். பாரதியாரின் இந்தப் பாடலை அக்கலையின் அருகில் வைக்கலாம் என்பது நம் துணிபு. ஏனெனில் அவர் வசைக்குத் தேர்ந்த வடிவம் இழிந்த வடிவமன்று. வள்ளலாரின் ஏக்கத்தை ஒருவர் வாயில் வைத்தபின், அவர் ஏங்குவது உண்மையான ஏக்கம் என்று கேட்போர் மனம் ஒப்புக்கொண்டுவிடுகிறது. கும்பிடத் தகாத இடத்தில் கும்பிடுகிறார் என்றுதான் சிரிக்கிறோமே தவிர, அவர் பக்தி போலி என்று சிரிப்பதில்லை. போலிகளைப் பாடப் பாரதியாரிடம் வேறு சவுக்கு இருந்தது. நடிப்புச் சுதேசிகளைப் பழித்த பாடலை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போர் வேற்றுமையை உணர்வர். கவி எண்ணியே செய்தாரா, மூலப் பாடலின் வலிமை அவரை மீறிச் செய்ததா என்பதை முடிவு செய்யும் பொறுப்பை நம்மினும் கற்றவர்கட்கு விட்டுவிடுகிறோம்.

அந்தப் பழத்தின் பிற்கதை ஒன்று உண்டு. கோகலே 1911இல் கட்டாயத் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். 1912இல் அது 38க்கு 13 என்னும் வாக்குக் கணக்கில் தோற்றது. தோற்கும் என்று அறிந்தே கொண்டுவந்தார். எம் தலைமுறை தோல்விகளால்தான் நாட்டுக்குத் தொண்டு செய்யமுடியும் என்னும் கருத்துப்பட அவையில் பேசினார். சென்னை மாகாணத்தில் காமராசர் ஆட்சியில் பள்ளிகள் பெருகி மதிய உணவும் வந்தபோது அந்தக் காய் ஒரு பக்கம் சிவந்தது எனலாம். நாடு முழுவதற்குமாக 2002இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, 2009இல் கல்வியுரிமைச் சட்டம் நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 98 ஆண்டுகள்! மரத்தடியில் நின்றவரும் இல்லை, அவரைப் பார்த்துச் சிரித்தவரும் இல்லை.

சென்ற கோடையில் அந்த மராத்திய முதியவரை அவர் இல்லத்தில் சென்று கண்டோம். பாட்டை முழுமையாக இந்தியில் பெயர்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தோம். விழாவன்று சொன்னது பொய் என்றும் ஒப்புக்கொண்டோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். கர்சன் குரங்கானபோது அவர் முகத்தில் புன்னகை அரும்பிற்று. அணில் வந்த இடத்தில் வாய்விட்டே சிரித்துவிட்டார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "எங்கள் கேசரிக்காரர்கள் இதைவிடக் கடுமையாக எழுதினார்கள், ஆனால் இவ்வளவு நன்றாக எழுதவில்லை" என்றார். மேத்தாவைப் பற்றிய பாட்டையும் பெயர்த்துத் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார். நந்தனார் யார் என்பதை அவருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.